வைஸ் பிடித்தவர்கள்

வைஸ் என்பது ஒரு பொருளை அசையாமல் பிடித்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட கருவி. அரம் ராவும், ரம்பம் அறுக்கும், சுத்தியல் அடிக்கும். வைஸ் ஒன்றும் செய்யாது. மற்றவை வேலை செய்யும்போது பிடித்துக்கொண்டு நிற்பதே அதன் வேலை. பட்டறை மேசையின் ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கி வைக்கப்படுவதால் பெஞ்ச் வைஸ் என்று பெயர். ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் சேரும் மாணவர் முதல் சில வாரங்களை அதன் முன்னால் நின்று ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக ராவிக் கழிக்கிறார். அந்த வாரங்களின் முடிவில் துண்டு சதுரமாகிறதோ இல்லையோ, சிறியதாகிவிடும். வைஸ் மட்டும் அவர் சேர்ந்த அன்று இருந்தபடியே இருக்கும்.

இந்தக் கருவியைப் பற்றிப் பேசத் தமிழில் ‘பிடி’ என்ற ஒரே சொல் ஏறக்குறையப் போதும். வைஸ் பொருளைப் பிடிக்கிறது. அதைத் திருகும் கம்பி கைப்பிடி. கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த பிறகு சிலருக்கு அது பிடித்துப்போகிறது. தூக்கி வரும்போது அவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஏழாவது வைஸ் வீட்டுக்கு வரும் நாளில், இவருக்கு என்னவோ பிடித்திருக்கிறது என்று வீட்டார் முடிவுக்கு வருகிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய வைஸ்களைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கும் பழக்கம் இந்த வரிசையில்தான் ஒவ்வொருவரையும் வந்தடைகிறது.

வைஸின் உடற்கூறு எளியது. மேசையோடு நிற்கும் நிலைத்தாடை ஒன்று, முன்னும் பின்னும் நகரும் தாடை ஒன்று. இரண்டின் வாயிலும் கடினமாக்கப்பட்ட எஃகுத் தகடுகள். பொருள் வழுக்காதிருக்க அவற்றின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். நகரும் தாடையின் நடுவே ஒரு நீண்ட திருகு. நிலைத்தாடையின் வயிற்றுக்குள் அந்தத் திருகு ஏறும் நட். திருகின் தலையில் ஒரு துளை, துளையில் இங்குமங்கும் வழுக்கும் கைப்பிடிக் கம்பி, கம்பியின் இரு முனையிலும் குமிழ். கம்பியைச் செங்குத்தாக நிறுத்திவிட்டுக் கையைத் தளர்த்தினால் அது தன் எடையால் கீழே இறங்கும். அப்போது குமிழுக்கும் திருகின் தலைக்கும் நடுவே உள்ளங்கைச் சதை கொஞ்சம் அகப்பட்டால் வைஸ் தன் இரண்டாவது வாயால் கடிக்கும். வைஸ் வைத்திருப்பவரை அடையாளம் காண அந்த ரத்தக்கட்டே போதும். நாள்பட்டவர்கள் குமிழுக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிக்கொள்கிறார்கள். எத்தனை கடிக்குப் பிறகு மாட்டினார்கள் என்பதை வெளியே சொல்வதில்லை.

இந்த எளிய அமைப்புக்குள் இருக்கும் பலம் கணக்குப் போட்டால்தான் தெரியும். திருகின் மையத்திலிருந்து கை பிடிக்கும் இடம் வரை 250 மி.மீ., ஒரு சுற்றுக்குத் தாடை நகர்வது 5 மி.மீ. என்று கொள்வோம். ஒரு சுற்றில் கை சுமார் 1,570 மி.மீ. பயணம் செய்கிறது, தாடை 5 மி.மீ. மட்டும் நகர்கிறது. விகிதம் 314. கை கொடுக்கும் 20 கிலோ விசை ஏட்டுக்கணக்கில் 6,280 கிலோவாகிறது. ஏட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே உராய்வு என்ற தரகர் உட்கார்ந்திருக்கிறார். ஏறக்குறைய முக்கால் பங்கைப் பிடித்தம் செய்துகொண்டு மிச்சத்தைத்தான் அவர் தருவார். அப்படியும் ஒன்றரை டன் தேறும். வளர்ந்த ஆசியப் பெண்யானையின் எடை மூன்று டன்னை ஒட்டியது. தமிழில் பெண்யானைக்கும் ‘பிடி’ என்றுதான் பெயர். ஆகவே ஒரு நல்ல வைஸின் பிடி, கணக்குப்படி, அரைப் பிடி.

தரகரை ஒழித்துவிடலாமே என்றால் முடியாது. உராய்வு இல்லாவிட்டால் கையை எடுத்த நொடியில் திருகு தானாகச் சுழன்று அவிழ்ந்துவிடும். தாடை பின்னுக்குத் தள்ளும்போதும் அவிழாமல் நிற்கும் திருகின் திறன் ஐம்பது சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். பாதிக்கு மேல் வீணாக்கினால்தான் உறுதியாக நிற்கலாம் என்பது இந்த விதியின் சாரம். பொறியியலுக்கு வெளியேயும் இவ்விதி செல்லுபடியாகும் இடங்கள் உண்டு.

பெஞ்ச் வைஸுக்கு மூத்தது கொல்லரின் கால் வைஸ். அதன் ஒரு தாடையிலிருந்து நீண்ட கால் ஒன்று தரைவரை இறங்கும். மேலே சம்மட்டியால் அடித்தால் அடி மேசையை உடைக்காமல் தரைக்குப் போய்ச் சேரும். அடிபடவே பிறந்தது என்பதால் தேனிரும்பில் அடித்துச் செய்தார்கள். கீல் கீழே இருப்பதால் தாடைகள் கத்தரிபோல விரியும்; அகலத் திறந்தால் இணையாக நிற்காமல் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொள்ளும். இந்த மனஸ்தாபத்தைத் தீர்க்க வந்ததுதான், ஒரு தாடை நேர்கோட்டில் வழுக்கிவரும் இன்றைய வார்ப்பிரும்பு வைஸ்.

வைஸ் சீரமைப்புக்கு ஒரு மூலபுருஷர் உண்டு. 1789இல், லண்டனில் பூட்டுகளுக்குப் பெயர்போன ஜோசப் பிராமாவின் பட்டறைக்கு, வூல்விச் ஆயுதச் சாலையிலிருந்து ஹென்றி மாட்ஸ்லே என்ற 18 வயது இளைஞர் வேலைக்கு வந்தார். முறைப்படி தொழில் பழகி முடிக்காத பையனைச் சேர்த்துக்கொண்டால் மற்றவர்கள் ஒப்புவார்களா என்று தயக்கம். பட்டறையில் தேய்ந்துபோன வைஸ் ஒன்று கிடந்தது. அதை மாலை ஆறு மணிக்குள் புதிதுபோல் ஆக்குவது என்று பரீட்சை முடிவாயிற்று. மாட்ஸ்லே தாடைகளுக்குப் புது எஃகு பொருத்தி, ராவி, கடினமாக்கி, நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டு வேலையில் சேர்ந்தார் என்று சாமுவேல் ஸ்மைல்ஸ் 1863இல் வெளியிட்ட தொழிலறிஞர் வரலாற்று நூல் சொல்கிறது. பிற்காலத்தில் துல்லியமான திருகுகளை வெட்டும் கடைசல் இயந்திரத்தால் அவர் உலகப் புகழ் பெற்றார். இன்றைய சேகரிப்பாளருக்கு அதே வேலைக்கு ஒன்பது மாதம் ஆகிறது. மாட்ஸ்லேக்கு வேலை தேவைப்பட்டது. இவருக்கு வேலை முடியாமல் இருப்பது தேவைப்படுகிறது.

சேகரிப்பாளர் உச்சரிக்கும் பெயர்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த பழைய தொழிற்சாலைகளின் பெயர்கள். அவற்றின் பூர்வீகத்தைத் தோண்டினால் சமையலறை வந்து நிற்கிறது. கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் ஊரில் சார்லஸ் பார்க்கர் 1832இல் தொழில் தொடங்கியது காப்பிக்கொட்டை அரைக்கும் ஆலை செய்வதற்காக. அங்கிருந்து வைஸுக்கும் பிறகு துப்பாக்கிக்கும் அவருடைய நிறுவனம் வளர்ந்தது. 1867இல் அவர் அவ்வூரின் முதல் மேயருமானார். மாசசூசெட்ஸின் ஏத்தால் ஊரில் 1868இல் ஏத்தால் மெஷின் கம்பெனி பிறந்தது லாராய் ஸ்டாரெட் கண்டுபிடித்த இறைச்சி கொத்தும் இயந்திரத்தைச் செய்வதற்காக. ஸ்டாரெட் பின்னர் பிரிந்து 1880இல் அளவுகருவிகள் செய்யும் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1905இல் தாம் பிரிந்துவந்த கம்பெனியையே, அதன் வைஸ்களோடு சேர்த்து, வாங்கிவிட்டார். காப்பியும் கொத்துக்கறியும் இல்லாமல் அமெரிக்க வைஸின் வரலாற்றை எழுத முடியாது.

பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் 1896இல் தொடங்கிய ரீட் நிறுவனம், ஓஹையோவின் கிளீவ்லாந்தில் இருந்த கொலம்பியன் நிறுவனம், வைஸையே பெயரில் சேர்த்துக்கொண்ட பிரெண்டிஸ் வைஸ் கம்பெனி ஆகியவையும் மதிப்புக்குரியவை. ஆனால் சேகரிப்பாளர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெயர் எம்மர்ட். பென்சில்வேனியாவின் வேன்ஸ்பரோ ஊரிலிருந்து வந்த இந்த வைஸுக்கான காப்புரிமை 1891ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வார்ப்புக்கான மர மாதிரிகள் செய்யும் தச்சர்களுக்காகச் செய்யப்பட்டது. இது வழக்கமான வைஸ்போல நிற்கும், மேசையோடு படுக்கும், முழுச் சுற்றாகச் சுழலும், சாய்வான பொருளுக்கேற்பத் தாடையையும் சாய்த்துக்கொள்ளும். யோகாசனம் செய்யும் ஒரே வார்ப்பிரும்பு இதுதான். இதைச் சொந்தமாக வைத்திருப்பவர்களில் பலர் அதற்குள் பிடித்து வைப்பது சாதாரணச் சட்டப் பலகையைத்தான். அதற்கு அந்த ஆசனங்களில் ஒன்றுகூடத் தேவையில்லை.

வில்ட்டன் வேறு காலத்தைச் சேர்ந்தது. செக் நாட்டிலிருந்து குடியேறிய ஹ்யூ வோகல் 1941இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம். பட்டறை இருந்த வில்ட்டன் அவென்யூ என்ற தெருவின் பெயரையே வைத்தார். திருகும் நட்டும் தூசி புகாதபடி உருண்ட குழாய்க்குள் மறைந்திருக்கும். பின்புறம் தோட்டாவின் முனைபோல வளைந்திருப்பதால் அந்த வகைக்குப் புல்லட் என்றே பெயர். நகரும் தாடையைத் தாங்கிச் செல்லும் சறுக்குத் தண்டின் அடியில் உள்ள இரும்புத் துண்டில் ஒரு தேதி பொறிக்கப்பட்டிருக்கும். ஆரம்ப கால வைஸ்களில் அது செய்த தேதி அல்ல. ஐந்தாண்டு உத்தரவாதம் காலாவதியாகும் தேதி. 1957 என்று இருந்தால் 1952இல் பிறந்தது என்று பொருள். முடிவுத் தேதியைக் கொண்டு பிறந்த தேதியைக் கணிக்கும் இந்த ஜாதகத்தைப் பார்க்கச் சேகரிப்பாளர் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, துருவைச் சுரண்டுகிறார். உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது என்று உறுதியானதும் அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை வேறு எந்த வாடிக்கையாளரிடமும் காண முடியாது.

இங்கிலாந்தின் பரம்பரை தனி. யார்க்‌ஷயரின் ஷிப்லி ஊரிலிருந்த பார்க்கின்சன் நிறுவனம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒரு நெம்பை அழுத்தினால் நட் பாதியாக விலகித் தாடை சட்டென்று நகரும் வைஸைக் கொண்டுவந்தது. அதற்கு அவர்களே சூட்டிய பெயர் ‘பெர்பெக்ட்’. ஷெபீல்டின் ஹாம்ப்டன் நிறுவனத்து ரெக்கார்டு வைஸ்கள் நீலத்தால் அறியப்பட்டவை. வெட்ன்ஸ்பரி ஊரிலிருந்து வந்தவை வோடன் வைஸ்கள். வோடன் பழைய ஆங்கிலேயரின் தெய்வம். அந்த ஊரின் பெயரும் ஆங்கிலப் புதன்கிழமையின் பெயரும் அத்தெய்வத்தின் வழி வந்தவையே. ஊருக்கும் கிழமைக்கும் பெயர் கொடுத்த கடவுளைக் கடைசியில் மேசை ஓரத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள்.

எந்தப் பெயர் உயர்ந்தது என்பதில் முடிவு எட்டப்பட்டதில்லை. பார்க்கர் வைத்திருப்பவர் பார்க்கரையும், ரீட் வைத்திருப்பவர் ரீடையும் சொல்வார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற பழமொழி முயலுக்காகச் சொல்லப்பட்டது என்றாலும், கால் வைஸுக்கு ஒரே கால்தான் என்பதைத் தவிர இத்துறையில் வேறு எதிலும் ஒருமித்த கருத்து இல்லை.

சேகரிப்பு தொடங்கும் விதம் எல்லோருக்கும் ஒன்றே. ஒருவர் பயன்படுத்துவதற்காக ஒரு பழைய வைஸை வாங்குகிறார். அது துருப்பிடித்திருப்பதால் பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரித்த உறுப்பை அசையாமல் பிடித்துக்கொண்டால்தான் சுத்தம் செய்ய முடியும். அசையாமல் பிடிப்பதற்கான கருவி வைஸ். ஆகவே இரண்டாவதை வாங்குகிறார். இரண்டாவதும் பழையது, அதுவும் துருப்பிடித்தது. வைஸைச் சரிசெய்ய வைஸ் வேண்டும் என்ற இந்தச் சுழலில் மூன்றாவதுக்கு மேல் காரணம் கேட்பவர் யாருமில்லை. கேட்டால் சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது. முதலாவது சிறியது, இரண்டாவது பெரியது, நடுவாந்திரமாக ஒன்று இல்லை.

வாங்கும் இடங்கள் பலவகை. அமெரிக்காவில் வீட்டு வாசலில் பழம்பொருள் பரப்பி விற்கும் கராஜ் விற்பனை, ஒருவர் காலமான பின் அவர் உடைமைகளை விற்கும் எஸ்டேட் விற்பனை; இங்கிலாந்தில் மைதானத்தில் காரின் டிக்கியைத் திறந்து வைத்து விற்கும் ஞாயிற்றுச் சந்தை; இரு நாட்டிலும் பழைய இரும்புக் கிடங்கு. கிடங்கில் எடைக்கு விலை. மற்ற இடங்களில் முகத்துக்கு விலை. அதனால் சேகரிப்பாளர் வைஸை நேராகப் பார்ப்பதில்லை. முதலில் ஒரு பழைய விளக்கைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு பூந்தொட்டியின் விலை கேட்பார். போகிற போக்கில் நினைவு வந்ததுபோல், அந்த இரும்பு என்ன என்பார். விற்பவரும் பிடிகொடுக்காமல், அது தாத்தாவுடையது, கொடுக்கும் எண்ணமில்லை என்பார். தாத்தாவுடையதை வாசலில் விலைச்சீட்டு ஒட்டி வைத்திருப்பது ஏன் என்று கேட்பது மரபன்று. அரை மணி நேரத்தில் விலை படிந்துவிடும். விளக்கையும் சேர்த்து வாங்கியாக வேண்டியிருக்கும்.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை சில. கைப்பிடி வளைந்திருந்தால், யாரோ அதில் நீண்ட குழாயைச் செருகி முடுக்கியிருக்கிறார்கள். உடலில் விரிசல் தேட வேண்டும். தடித்த பெயின்ட் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் அதன் அடியில் பழைய பற்றவைப்பு இருக்கக்கூடும். தாடைகளை மெல்ல மூடினால் மேல் விளிம்பு முதலில் தொட வேண்டும். இறுக்கும்போது மேல்பகுதி சற்றே விலகும் என்பதால் நல்ல வைஸை அப்படித்தான் செய்வார்கள். திருகைச் சுழற்றும்போது தாடை நகராமல் அது வெறுமனே சுற்றினால் நட் தேய்ந்துவிட்டது, அல்லது உள்ளே நட்டே இல்லை. தலைப்பகுதியில் வட்டமான சிறு குழிகள் இருந்தால், அவை துளைபோடும் இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாத தலைமுறைகளின் கையெழுத்து. இத்தனையும் தெரிந்தவர் இத்தனை குறையும் உள்ள வைஸைக் கண்டால் என்ன செய்வார் என்றால், வாங்கிவிடுவார். உதிரிக்கு ஆகும்.

அடுத்தது எடை. வைஸைத் தாடையின் அகலத்தால் அளக்கிறார்கள்: நான்கு அங்குலம், ஆறு அங்குலம், எட்டு அங்குலம். காதுக்கு இவை சட்டை அளவுகள்போல மென்மையாக ஒலிக்கின்றன. ஒரு பொருளின் எல்லா அளவையும் இருமடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும் என்பது கணிதம். வைஸ் செய்பவர்கள் கணிதத்துக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை என்றாலும், நான்கு அங்குலத்தை ஒருவர் மார்போடு அணைத்துத் தூக்கிவிடலாம். எட்டு அங்குலத்துக்கு இரண்டு பேரும், இருவருக்கிடையே ஏற்கெனவே நல்லுறவும் வேண்டும். இடுப்புப் பிடிப்பு இந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது. வலி எதனால் என்று மருத்துவர் கேட்டால் குனிந்து ஒரு சாமானை எடுத்தேன் என்பதே வழக்கமான பதில்.

பிரித்தல் என்பது துருவோடு நடத்தும் பேச்சுவார்த்தை. இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. திருகுக்கும் நட்டுக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியில் அது நிரம்பிவிட்டால், இரண்டும் ஒன்றே என்று சாதிக்கும். அடம் பிடிக்கும் திருகுக்குப் பலவந்தம் உதவாது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஆகவே ஊடுருவும் எண்ணெய். கடையில் கிடைப்பதை நம்பாதவர்கள் அசிட்டோனையும் காரின் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் திரவத்தையும் கலந்து தாமே தயாரிக்கிறார்கள். விட்டுவிட்டு வரலாம் என்றாலும் மணிக்கொரு தரம் போய்ப் பார்க்கிறார்கள். அடுத்த படி சூடு. ஆனால் எண்ணெய் ஊற்றிய இடத்தில் நெருப்பைக் காட்டக்கூடாது, அசிட்டோன் எளிதில் பற்றிக்கொள்ளும். எண்ணெய் தொடாத இணைப்பைச் சூடாக்கி மெழுகுவத்தியை வைத்தால், உருகிய மெழுகு இடுக்குக்குள் ஈர்க்கப்பட்டு இறங்கும். இதற்குப் பின்னால் உள்ளது நுண்புழை விதி. பார்ப்பவர்களுக்கு அது வழிபாடுபோலத் தோன்றுகிறது.

ஒருநாள் திருகு மனம் இளகும். கால் சுற்று, அரைச் சுற்று, பிறகு தாராளம். உற்சாகத்தில் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே போகிறவர் ஒன்றை மறந்துவிடுகிறார். பல வைஸ்களில், திருகு நட்டை விட்டு முழுதாக வெளியே வந்ததும் நகரும் தாடையைப் பிடித்து வைக்க எதுவுமில்லை. அது நேராகக் கீழே விழும். கீழே கால் இருக்கும். பழைய வைஸ் முதன்முதலாகத் தன் சொந்த முயற்சியில் ஒரு வேலை செய்வது இந்தத் தருணத்தில்தான்.

துருவை நீக்கும் முறைகளில் எளியது புளிப்பு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீடுகளுக்கு இதன் தத்துவம் புதிதல்ல: அமிலம் உலோகத்தின் ஆக்சைடைக் கரைக்கும். வைஸுக்கு வினிகரோ சிட்ரிக் அமிலமோ பயன்படுகிறது. ஓரிரவு ஊறினால் துரு இளகும். மறந்துபோய் ஒரு வாரம் விட்டால் இரும்பே இளகத் தொடங்கும். சர்க்கரைப் பாகின் கழிவான மொலாசஸை ஒன்பது பங்கு நீரில் கரைத்து வாரக்கணக்கில் ஊறவைப்பவர்களும் உண்டு. அது மெதுவானது, மலிவானது, புளித்து நாறுவது. நாற்றத்தின் எல்லை வேலியோடு நிற்பதில்லை என்பதால், எதிர்வீட்டாரோடு ஏற்கெனவே பேச்சில்லாதவர்களுக்கு மட்டும் இது ஏற்றது.

படித்தவர்களின் முறை மின்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். அதில் சலவைச் சோடா. நடுவே வைஸின் உறுப்பு. ஓரத்தில் வேண்டாத இரும்புத் தகடு. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை உறுப்பிலும், நேர்முனையைத் தகட்டிலும் மாட்ட வேண்டும். குமிழிகள் கிளம்பும், துரு தளர்ந்து உதிரும், தண்ணீர் பழைய குழம்பின் நிறத்துக்கு வரும். இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. உறுப்பிலிருந்து வருவது ஹைட்ரஜன் வாயு. மூடிய அறையில் தேங்கினால் வெடிக்கும். தகடு துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் நச்சான குரோமியச் சேர்மம் உண்டாகும். மூன்றாவது, முனைகளை மாற்றி மாட்டக்கூடாது. மாட்டினால் வேண்டாத தகடு பத்திரமாக இருக்க, நூறாண்டு வைஸ் கரைந்துகொண்டிருக்கும். சிவப்புக் கம்பி எது, கறுப்புக் கம்பி எது என்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய்ச் சரிபார்ப்பது இந்த முறையைக் கையாள்பவர்களின் பொதுப் பழக்கம்.

எஞ்சியதைக் கம்பிப் பிரஷ் பார்த்துக்கொள்ளும். சுழலும் பிரஷிலிருந்து கம்பிகள் தெறித்துச் சட்டையில் குத்தி நிற்கும் என்பதால் கண்ணாடி கட்டாயம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு ஈய பெயின்ட் தடைசெய்யப்பட்டதே 1978இல்தான். ஆகவே அதை உலர்ந்த தூசியாகப் பறக்கவிடாமல் ரசாயனம் தடவி உரிப்பதே முறை. உரிக்க உரிக்க மேலே சாம்பல், கீழே பச்சை, அதற்கும் கீழே வேறொரு சாம்பல். ஒவ்வொரு மேற்பார்வையாளர் வந்தபோதும் எல்லாவற்றுக்கும் ஒரு கோட்டிங் அடித்திருக்கிறார்கள். பெயின்ட் வாளிக்கு எட்டும் தூரத்தில் இருந்த எதுவும் தப்பவில்லை. தாடைப் பல்லும் திருகும்கூட.

உடைந்ததை ஒட்டுவது தனிக் கலை. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் கார்பன் உண்டு. பெரும்பகுதி கிராபைட் செதில்களாகப் பரவியிருப்பதால் அது வார்க்க எளிதாக இருக்கும், நன்றாக அதிர்வைத் தாங்கும், பற்றவைத்தால் பக்கத்திலேயே புதிதாக விரிசல் விடும். முதலில் முழு உறுப்பையும் சூடேற்ற வேண்டும். நிக்கல் ராடால் சிறிது சிறிதாகப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு தையலையும் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். கடைசியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைப்பதுபோல் சாம்பலில் புதைத்து ஒருநாள் ஆறவிட வேண்டும். அவசரப்படுபவர்கள் ஆறுவதற்குள் எடுத்துப் பார்ப்பார்கள். டிங் என்று ஒரு சத்தம் கேட்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையில் குரங்காவது முழுதாகக் கிடைத்தது. இங்கே அது இரண்டு துண்டாகக் கிடைக்கும்.

பெயின்ட் அடிப்பதா வேண்டாமா என்பதில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சிக்கு வைஸ் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த நிறம் வேண்டும். அந்த நிறம் எது என்பதற்காக நட்டின் அடியில் ஒளிந்திருக்கும் பெயின்ட் துணுக்கைப் பூதக்கண்ணாடியால் ஆராய்வார்கள். மற்ற கட்சிக்கு நூறாண்டு எண்ணெயும் கைவியர்வையும் சேர்ந்த கருமைதான் அழகு. ஆளி விதை எண்ணெயைச் சூட்டோடு தேய்த்து விட்டுவிடுவார்கள். வீட்டு ஓவனில் உறுப்புகளை வாட்டிப் பெயின்டை உலர்த்துவதில் மட்டும் முதல் கட்சிக்குள்ளேயே பிளவு உண்டு. அந்தப் பிளவு, ஓவனில் பிறகு கேக் செய்ய வேண்டியவர் வீட்டில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

பூட்டுதல் பிரித்தலின் தலைகீழ் என்று கையேடுகள் சொல்கின்றன. பிரிக்கும்போது படம் பிடித்து வைத்தவர்களுக்கு அது உண்மை. மற்றவர்களுக்குக் கடைசியில் ஒரு வாஷர் மிஞ்சும். திருகுக்குக் கிரீஸ், சறுக்குத் தண்டுக்கு எண்ணெய் போட்டு, மேசையின் கால் நேரே வரும் இடத்தில் வைஸை நிறுத்த வேண்டும். நிலைத்தாடை மேசை விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே இருந்தால்தான் நீளமான பொருளைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். உயரத்துக்கு ஐ.டி.ஐ. சொல்லித்தரும் அளவே போதும்: நிமிர்ந்து நின்று, முஷ்டியைத் தாடைக்கு அடியில் வைத்தால், முழங்கை வைஸின் தாடையைத் தொட வேண்டும். இரண்டு தாடைகளுக்கு நடுவே மனிதன் தன் கையால் எடுக்கும் இந்த அளவில், வைஸ் சீரமைப்பு முறைப்படி நிறைவடைகிறது.

பயன்பாடு பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. புதுப்பித்த வைஸில் அரம் வழுக்கினால் பெயின்ட் பெயரும். சுத்தியல் தவறினால் மெருகு போகும். ஆகவே அதன் தாடைக்குச் செம்புத் தகடு போர்த்தி, மேலே ஒரு துணியும் போர்த்தி, விருந்தினர் வந்தால் மட்டும் திறந்து காட்டுகிறார்கள். வந்தவர் கைப்பிடியைச் சுண்டிவிட, ஒரே சுண்டலில் தாடை வழுக்கிக்கொண்டு போகும். அந்த நான்கு விநாடிதான் ஒன்பது மாத உழைப்பின் பலன். அன்றாடம் குழாய் அறுப்பது, சைக்கிள் அச்சைத் தட்டுவது, தேங்காய் உடைப்பது போன்ற முரட்டு வேலைகள் எல்லாம் பட்டறையின் மூலையிலுள்ள வேறொரு வைஸில் நடக்கின்றன. அது முதன்முதலில் பயன்படுத்துவதற்காக வாங்கியது. புதுப்பிக்க இன்னும் முறை வரவில்லை.

வார்ப்பிரும்புக்கு ஆயுள் அதிகம். வைஸ் தன் உரிமையாளரைக் கடந்தும் வாழும். ஒருநாள் எல்லாம் வாசலுக்கு வரும். விலைச்சீட்டு ஒட்டப்படும். யாரோ ஒருவர் பழைய விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, போகிற போக்கில், அந்த இரும்பு என்ன என்று கேட்பார். தாத்தாவுடையது என்று பதில் வரும். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், முந்தைய உரிமையாளர் அடித்த நிறம் சரியில்லை என்று கண்டு, பிரிக்கத் தீர்மானிப்பார். பிரித்ததைப் பிடித்துக்கொள்ள அவருக்கு இன்னொரு வைஸ் தேவைப்படும்.